சினைப்பைப் புற்றுநோய்: கத்தி வைப்பதற்கு முன் யாரைப் பார்ப்பது?

சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும், கட்டியைக் கண்டுபிடித்த மகப்பேறு மருத்துவரே “அடுத்த வாரம் எடுத்துவிடலாம்” என்று தேதி குறிப்பதுண்டு. அந்தத் தேதிக்குத் தலையாட்டுவதற்கு முன் ஒரு கைனக் ஆன்காலஜிஸ்ட்டைப் பாருங்கள். கருப்பை, சினைப்பைப் புற்றுநோய்களுக்கென்றே அறுவைப் பயிற்சி பெற்றவர் அவர். மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் என்பவர் வேறு. கீமோ அவர் பொறுப்பு. இருவரும் வேண்டும், இருவரும் பேசிக்கொள்ளவும் வேண்டும்.

முதல் ஆபரேஷன் யார் கையில் நடக்கிறது என்பதற்கு ஏன் இத்தனை அழுத்தம்? இந்த நோய் விதை தூவியது போல வயிற்றுக்குள் பரவும்: உதரவிதானத்தின் அடிப்பக்கம், குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரை, மண்ணீரலின் ஓரம். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதே குறிக்கோள். அதற்குச் சில நேரம் குடலில் ஒரு துண்டை வெட்டி இணைக்கவும் வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றைத் தைத்துவிட்டால், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். இன்னொரு முறை திறக்க வேண்டிவரலாம். ஒரு சினைப்பைக்குள் அடங்கிய கட்டி எடுக்கும்போது உடைந்தால், நோயின் நிலை, தொடக்கமான 1ஏ-யிலிருந்து அதைவிடக் கூடிய 1சி ஆகிவிடும். தேவைப்படாத கீமோகூடத் தேவைப்படலாம். பரவாத கட்டியில் ஊசி குத்திச் சோதிப்பதை நிபுணர்கள் தவிர்ப்பதும் இதனால்தான். ஏற்கெனவே பரவியிருந்தால் கதை வேறு: அப்போது கொழுப்புத் திரையிலிருந்து பயாப்சி எடுப்பது வழக்கம்.

கைராசி, பெயர், கட்டடத்தின் பளபளப்பு இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள். முற்றிய சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒரு மையம் ஆண்டுக்குக் குறைந்தது 20 ஆபரேஷனாவது செய்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர் சங்கத்தின் அளவுகோல். 100-க்கு மேல் என்றால் உத்தமம். கேட்க வேண்டியவை:

– நீங்களே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? எத்தனை பேருக்கு மிச்சமில்லாமல் எடுக்க முடிகிறது?
– குடல், ஈரல் பக்கம் பரவியிருந்தால் உடன் நிற்கும் சர்ஜன் யார்?
– டியூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) இந்த கேஸைப் பேசினீர்களா? என்ன முடிவு?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரைவிட, “இது எங்களிடம் முடியாது, இன்னாரிடம் போங்கள்” என்று சொல்பவரே மேல்.

போகும்போது ரிப்போர்ட் தாள்கள் மட்டும் போதாது. சிடி ஸ்கேனின் முழுப் படங்களும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ வேண்டும். ஃபிலிமில் உள்ள சில படங்களை வைத்து யாரும் ஆபரேஷனைத் திட்டமிட முடியாது. பயாப்சி நடந்திருந்தால் ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். திசுவைச் சோதிக்கும் பெத்தாலஜிஸ்ட் இரண்டாவதாக இன்னொருவர் பார்க்கும்போது புற்றுநோயின் வகையே மாறுவதுண்டு, வகை மாறினால் மருந்தும் மாறும். ஆபரேஷன் முடிந்துவிட்டிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியைவிட ஆபரேஷன் நோட்ஸ்தான் முக்கியம். எங்கே, எவ்வளவு மிச்சம் என்பது அதில்தான் இருக்கும்.

சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையின் எண்ணைப் பார்த்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள். 35-க்குக் கீழ் இயல்பு என்பார்கள்; எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும். நோயாளி இளம்பெண் என்றால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளும் ஆபரேஷனுக்கு முன்பே பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். அந்த வயதில் வரும் வகைகள் பலவற்றில் கருப்பையையும் மறுபக்கச் சினைப்பையையும் காப்பாற்ற முடியும். குழந்தை வேண்டும் என்ற விருப்பத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் ஆபரேஷன் என்பார், மற்றவர் முதலில் கீமோ என்பார். இரண்டும் ஏற்கப்பட்ட வழிகளே. கீமோ முதலில் என்றால் பொதுவாக கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 3 சுற்று. பிறகு ஸ்கேன், ஆபரேஷன், மீண்டும் 3 சுற்று. “இப்போது எந்த இடத்தில் இருப்பதை எடுக்க முடியாது என்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். சிறுகுடலின் வேர்ப்பகுதி முழுக்கப் பரவியிருக்கிறது என்றோ, நோயாளியின் உடம்பு தாங்காது என்றோ தெளிவான பதில் வந்தால் நம்பலாம்.

இரண்டாம் கருத்துக்காக ஒன்றிரண்டு வாரம் போவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் வாந்தியோடு மலமும் வாயுவும் நின்றுபோனாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ நிபுணர் தேடலை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போங்கள்.

பிஆர்சிஏ மரபணுச் சோதனையை யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஓலாபரிப் போன்ற மாத்திரை பலன் தருமா என்பதை முடிவு செய்ய அது உதவும். மாற்றம் இருந்தால் அவருடைய மகள், மகன், உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.