பொம்மையைப் பார்த்ததும் அழும் சிப்பாய்: போர்க்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கதை எழுதும் நண்பர்கள் சிலர் அச்சுக்கு முன் என்னிடம் படிக்கக் கொடுப்பார்கள். போர்க்கதை என்றால் பாதியில் ஒரு பொம்மை வந்தே தீரும். இருபது வருடம் வெட்டிப் பழகியவன், இடிந்த வீட்டில் அதைக் கண்டதும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு அழுவான். அவ்வளவு லேசில் உடைகிறவன் இருபது வருடம் எப்படித் தாக்குப்பிடித்தான்?

முதலில் அவன் கைப்பழக்கத்தைக் காட்டுங்கள். நம்மூர் வரலாற்றிலேயே ஆள் இருக்கிறான். திருமலை நாயக்கரின் (1623–1659) கடைசிக் காலத்தில் நடந்தது மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. இராமநாதபுரத்து மன்னர் சேதுபதியின் உதவியோடு அவர்களை விரட்டியபின், மதுரைப் படை மைசூருக்குள் போய் அதையே செய்தது. அப்படிப் போன ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்த மூக்குகளைப் போட்ட சாக்கின் கனம், சாணை பிடித்த கத்தி. பழிக்குப் பழி என்று அவன் நன்றாகவே தூங்கட்டும்.

ஊர் திரும்பி மாசி வீதியில் மல்லிகை வாங்குகிறான். பூக்காரி முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு கட்டுகிறாள். காற்றில் முந்தானை விலகுகிறது. உடனே ‘அவன் நெஞ்சில் முள் தைத்தது’ என்று ஒரு பத்தி எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். தொழில்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது வெட்டுத்தான். ‘மழுங்கல் கத்தி’ என்று நினைக்கிறான். அப்படி நினைத்தது தானா என்று அப்புறம்தான் திடுக்கிடுகிறான். காசைக் கொடுத்துவிட்டுப் பூவை வாங்காமலே நடக்கிறான்.

வைகையில் கை கழுவும் காட்சி வேண்டாம். ஆண்டில் பாதி நாள் அங்கே மணல்தான்.

கடைசியில் பாதிக்கப்பட்டவரே மன்னித்து அனுப்புவது இன்னொரு சறுக்கல். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அசோகரே வருந்திப் பாறையில் வெட்டிவைத்தார். கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளிலோ அந்தச் சாசனம் இல்லை. அடிபட்ட ஊரில் அதைச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் சிப்பாய்க்கு மட்டும் ஒரே மூச்சில் வந்துவிடுமா?

மறுநாள் அதே இடத்தில் போய் நிற்கிறான். அவளே பேசுகிறாள்:

“நேத்துக் காசக் குடுத்துட்டுப் பூவ விட்டுட்டுப் போயிட்டீகளே?”