லேசிக் செய்யப் போகிறீர்களா? லென்ஸைக் கழற்றிவிட்டு நாளைக் குறியுங்கள்

லேசிக் என்பது கருவிழியை லேசரால் செதுக்கிக் கண்ணின் பவரைச் சரிசெய்யும் சிகிச்சை. கண்ணைக் கசக்கக் கூடாது, சொட்டு மருந்தை மறக்கக் கூடாது என்பதெல்லாம் கையில் தரும் தாளிலேயே இருக்கிறது. மலையகத்தில் ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கொழும்புக்குப் போகிறவர்களின் காசையும் லீவையும் தின்கிற தவறுகள் வேறு.

லென்ஸோடு வாழ்ந்துவிட்டு அளவெடுக்கப் போவது

எத்தனை முறை சொன்னாலும் குறையாத தவறு இதுதான். கொன்டாக்ட் லென்ஸ் கருவிழியின் மேல் உட்கார்ந்து அதன் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுகிறது. கழற்றிய மறுநாளே அது பழைய வடிவத்துக்கு வராது. லேசர் எந்த இடத்தில் எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதோ அந்த வளைவை அளந்துதான் முடிவாகிறது. வயிற்றை எக்கிக்கொண்டு தையல்காரரிடம் அளவு கொடுத்தால் சட்டை எப்படி வரும்? அதே கதைதான். சிகிச்சை முடிந்து கருவிழி தன் வடிவத்துக்குத் திரும்பியதும் மிச்சப் பவர் தலைகாட்டும். பிறகு இரண்டாம் தடவை லேசர், அதற்கும் கருவிழியில் தடிப்பு மிஞ்சியிருந்தால்.

சாதாரண மென் லென்ஸ் என்றால் 2 வாரம், சிலிண்டர் உள்ள மென் லென்ஸும் காற்றுப் புகும் விறைப்பான லென்ஸும் குறைந்தது 3 வாரம், பழைய வகைக் கடின லென்ஸ் 4 வாரம். இந்தக் கணக்கு முதல் பரிசோதனை நாளிலிருந்து பின்னோக்கிப் போகிறது. சத்திரசிகிச்சை நாளிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம். பரிசோதனை முடிந்ததென்று நடுவில் ஒரு கலியாண வீட்டுக்கு லென்ஸ் போட்டாலும் அளவு கெட்டது.

விடியற்காலை பஸ் ஏறி ஐந்து மணித்தியாலம் போய், “நேற்று ராத்திரிதான் கழற்றினேன்” என்று சொல்கிறவரைத் திருப்பி அனுப்புவார்கள். அவர் தப்பித்தார். வந்த தூரத்தை நினைத்து “மூன்று வாரமாச்சு” என்று பொய் சொல்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

பொய்க்குக் காரணம் பெரும்பாலும் வீட்டில் உருப்படியான கண்ணாடி இல்லாததுதான். மைனஸ் 5 உள்ளவர் கண்ணாடியில்லாமல் தோட்டத்துப் படியில் இறங்க முடியாது. ஆகவே லென்ஸை நிறுத்துவதற்கு முன் பக்கத்து டவுனில் மலிவான பிரேமில் ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு வீணில்லை.

வேண்டாமென்ற வைத்தியரை விட்டு வேறொருவரைத் தேடுவது

அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கருவிழியின் சராசரித் தடிப்பு ஏறக்குறைய 540 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்). லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியில் வெட்டித் தூக்கும் மெல்லிய மடல் 110 அளவில் போகும், ஒவ்வொரு பவருக்கும் சுமார் 15 செதுக்கப்படும். மடலுக்குக் கீழே குறைந்தது 250 மிஞ்ச வேண்டும். பலர் 300 கேட்பார்கள். 480 தடிப்பும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்கு 110 போய், 120 போய், சரியாக 250. விளிம்பில் நிற்கிறார். கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடத்தில் கூம்பு வடிவத்தின் சாயல் இருந்தால் தடிப்பு போதுமானாலும் லேசிக் கூடாது. கருவிழி நாளடைவில் முன்தள்ளலாம். சிறு வயதிலிருந்தே அலர்ஜியால் கண்ணைக் கசக்குகிறவர்கள் அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கே மலையேறுவது

மடலுக்குத் தையல் கிடையாது. முதல் நாள்தான் அது நழுவ வாய்ப்பு அதிகம், மறுநாள் வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் ஜன்னல் காற்றும் தூசியும் வாங்கிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் முன்சீட்டில் முகம் இடித்துக்கொண்டு வருவதற்கு, ஒரு ராத்திரி கொழும்பில் தங்குவது மலிவு.

குளிர்தானே என்று கறுப்புக் கண்ணாடியை விடுவது

மடல் வெட்டாமல் கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசர் செய்யும் பி.ஆர்.கே. முறையில் இது முக்கியம். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. வெயில் உறைக்காவிட்டாலும் கருவிழியில் மங்கல் படியலாம். ஸ்டீரொயிட் சொட்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். நீட்டினால் கண் அழுத்தம் ஏறலாம்.

சென்ட்

சிகிச்சை நாளன்று வேண்டாம். கண் மையும்.

கர்ப்பம், பாலூட்டல்

தள்ளிப் போடுங்கள். பவர் மாறும்.

நாற்பது தாண்டியவர்

கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர் வாசித்தவருக்கு, இனி வாசிக்கத்தான் கண்ணாடி.

பழைய அளவுத் தாளைத் தொலைப்பது

பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, லேசருக்கு முந்திய பவரும் வளைவும் இருந்தால் கணக்கு சுலபம். கருவிழி மெலிந்த பின் கண் அழுத்தமும் உள்ளதை விடக் குறைவாகக் காட்டும்; எந்தக் கண் வைத்தியரிடம் போனாலும் லேசிக் செய்ததைச் சொல்லுங்கள். மலை ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், போனில் படமெடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.