இறுக்கிக் கட்டினால் விறைப்பு நிற்காது: ரோலர் திரைகளிலும் ஆனிங்குகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் முதல் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில்தான் எனக்கு அழைப்புகள் குவியும். பால்கனித் திரை வயிறு தள்ளித் தொங்குகிறது, கடை வாசலில் நிழலுக்காக நீட்டிய துணிக்கூரையான ஆனிங்கில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது, கயிறு கோர்த்த ஓட்டை கிழிந்துவிட்டது என்று ஆளுக்கொரு குறை சொல்வார்கள். சென்னையில் திரையும் ஆனிங்கும் மாட்டுவதுதான் என் தொழில். போய்ப் பார்த்தால் பல இடங்களில் துணி நல்ல துணியாகவே இருக்கும். கம்பியும் சட்டமும் ஒழுங்காகவே இருக்கும். துணி விறைப்பாக நிற்க வேண்டும் என்ற ஆசையில் யாரோ அதை அசைய முடியாதபடி இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

இறுக்குவது வேறு, விறைப்பாக வைத்திருப்பது வேறு. வெயில் ஏறினால் துணி இளகும், மழையில் கனக்கும், காற்று தள்ளினால் புடைக்கும். ஒவ்வொரு முறையும் சற்று விட்டுக்கொடுத்து, மறுநொடியே பிடித்திழுக்கும் விசை ஒன்று அதில் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங், அடியில் கோர்த்த கம்பியின் எடை, மூலையில் மாட்டிய ரப்பர் கயிறு, இவற்றில் எதுவும் அந்த வேலையைச் செய்யும். முடிச்சால் மட்டும் அது முடியாது. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

மொட்டை மாடியிலும் கடை முன்பும் நான்கு மூலைகளையும் சமமட்டத்தில் இழுத்துக் கட்டுவதை முதலில் சொல்ல வேண்டும். துணி உலர்த்தும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் 10 கிலோ எடை தொங்குகிறது. கொடி இரு பக்கமும் 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவை 10 கிலோதான். அதே கொடியை முறுக்கி இழுத்து 5 பாகை மட்டுமே சரியும்படி கட்டினால், அதே எடைக்கு இழுவை 57 கிலோவாகிவிடும். தட்டையாகக் கட்டக் கட்ட ஆணியும் ஓட்டையும் தாங்க வேண்டிய பாரம் பல மடங்காகிறது. அதன் மேல் மழையும் சேர்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அது 50 கிலோ. அந்தப் பாரத்தில் துணி இன்னும் பள்ளமாகும். பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும். கடைசியில் கிழிவது ஓட்டையாக இருந்தால் அதிர்ஷ்டம். சுவரோடு சேர்ந்து கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்திக் கட்டுங்கள். மேல் விளிம்பில் ஓட்டை போட்டுக் கயிறு கோர்ப்பதை விட, விளிம்பை மடித்து உறைபோலத் தைத்து அதற்குள் குழாயை நுழைப்பது நல்லது. பாரம் நாலைந்து ஓட்டைகளில் விழாமல் துணியின் அகலம் முழுவதும் பரவும். கீழ் மூலைகளில் கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவே தடித்த ரப்பர் கயிறோ ஸ்பிரிங்கோ கோர்த்துவிடுங்கள். காற்று அடிக்கும்போது நீண்டு கொடுக்கும், ஓய்ந்ததும் இழுத்துக்கொள்ளும். வெயிலில் ரப்பர் வெடிக்கும் என்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். கயிற்றிலும் கவனம் தேவை. கடையில் நைலான் என்று கேட்டால் நீலத்திலும் பச்சையிலும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் கயிறு. வெயிலில் நார் நாராகப் பொடிந்துவிடும். உண்மையான நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் நீளும். மழை பெய்யும் நேரத்தில் துணி தொய்ந்து நிற்பது அதனால்தான். பாலியெஸ்டர் கயிறு நனைந்தாலும் அளவு மாறாது. பாரிமுனையில் கயிறு வாங்கும்போது பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஸ்பிரிங் ரோலர். கீழே இழுத்து விட்டால் நின்றுகொள்ளும், லேசாக ஒரு முறை சுண்டி இழுத்தால் மேலே ஏறிவிடும் பழைய வகை இது. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் என்பவர் 1864-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாய்க்குள் நீளமான சுருள் ஸ்பிரிங். ஒரு முனையில் தட்டை ஊசி, மறுமுனையில் உருண்டை ஊசி. தட்டை ஊசி, குழாயைச் சுவரில் பிடித்திருக்கும் தாங்கியின் பிளவில் உட்கார்ந்து சுழலாமல் நிற்கும். குழாய் மட்டும் சுழலும். அந்த முனையில் சின்ன நாக்கு ஒன்று உண்டு. குழாய் மெதுவாகச் சுற்றும்போது தன் எடையிலேயே பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வேகமாகச் சுற்றும்போது வெளிப்பக்கம் தள்ளப்பட்டுப் பல்லில் படாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை. அதைக் கையில் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும்.

மயிலாப்பூரில் ஓட்டு வீடு ஒன்றில் அப்படி ஒரு திரை. "என் மாமியார் காலத்துத் திரை தம்பி. இழுத்தால் வருகிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறான் பையன்" என்றார் வீட்டு அம்மா. ஏணி போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது, முறுக்குதான் போயிருந்தது. திரையைப் பாதி வரை இறக்கி, நாக்கு பூட்டிக்கொண்டதை உறுதி செய்துகொண்டு, குழாயைத் தாங்கியிலிருந்து தூக்கினேன். துணியைக் கையாலேயே முழுவதும் சுருட்டித் திரும்ப மாட்டினேன். இறக்கிப் பார்த்தால் பாதி தூரம் ஏறி நின்றது. இன்னொரு முறை அதையே செய்ததும் மெல்ல, ஒரே சீராக மேலே போனது. "அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. நாக்கு பூட்டாத நிலையில் குழாயைக் கழற்றினால் தட்டை ஊசி சரசரவென்று சுழன்று விரலைக் கிழித்துவிடும். இன்னொன்று, இரண்டு முறை போதுமான இடத்தில் ஐந்து முறை முறுக்குவது. விட்டதும் திரை சடாரென்று ஓடி மேலே அடித்துச் சுற்றிக்கொள்ளும். நாளடைவில் ஸ்பிரிங் ஒடியும். முறுக்கு அதிகமாகிவிட்டால், சுருண்டிருக்கும்போதே கழற்றி, கையால் பாதித் துணியை அவிழ்த்து மாட்டினால் முறுக்கு குறையும்.

பெரிய ஜன்னலுக்கு ஒரே திரையாகப் போட்டுத் தாருங்கள் என்று அடுக்குமாடி வீடுகளில் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதே பருமனான குழாயில் திரையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால், குழாய் நடுவில் வளைவது 16 மடங்காகும். குழாய் வளைந்தால் துணியில் ஆங்கில வி எழுத்தைப்போலச் சுருக்கம் விழும். அதை நீவிவிட அடியில் கனமான கம்பி கோர்ப்பார்கள். அந்த எடையும் சேர்ந்து குழாயை இன்னும் வளைக்கும். பருமனான குழாய் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு திரைகளாகப் பிரியுங்கள்.

சுருளும்போது துணி ஒரு பக்கமாக நகர்ந்து ஓரம் நைந்து போகிறதா? உடனே துணியை வெட்டாதீர்கள். முதலில் தாங்கிகள் மட்டமாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம். மட்டம் சரியாக இருந்தும் நகர்ந்தால், துணி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், வெறுங்குழாயின் மேல் சிறு துண்டு டேப்பை ஒட்டுங்கள். குழாய் எங்கே பருமனோ அந்தப் பக்கம் துணி சாயும்.

கடைகளுக்கு முன் நீண்டு மடங்கும் கைகளோடு இருக்கும் ஆனிங்கில் துணியை விறைப்பாக வைத்திருப்பது அந்தக் கைகள்தான். முழங்கைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது; அது முன்கம்பியை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. கியர்பெட்டி துணியைப் பின்னால் பிடித்து வைத்திருக்கிறது. முழுவதும் விரித்த பிறகும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. கைகள் விரிந்து முடிந்துவிட்டன. அதற்கு மேல் அவிழும் துணி தொய்யத்தான் செய்யும். இன்னும் சுற்றினால் துணி தீர்ந்து, குழாயின் மறுபக்கமாகத் தலைகீழாகச் சுருள ஆரம்பிக்கும். அதன் பிறகு விறைப்பு எப்படியும் வராது. முழுவதும் அவிழ்த்து, சரியான திசையில் சுற்றினால் போதும். புதுத் துணிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அன்றாடப் பழக்கமாக, முழுதாக விரித்ததும் கைப்பிடியைத் திரும்பக் கால் சுற்று, அரைச் சுற்று சுற்றுங்கள். துணி நன்றாக விறைத்துக்கொள்ளும்.

மழை வழிந்தோட வேண்டுமானால் சரிவு குறைந்தது 14 பாகை இருக்க வேண்டும். அதாவது 2 மீட்டர் நீட்டும் ஆனிங்கின் முன்விளிம்பு அரை மீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை மறைகிறது என்று சரிவைக் குறைக்கச் சொல்லும் கடைக்காரரிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீட்டம் உள்ள துணியின் மேல் மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 36 கிலோ. 72 கி.மீ. ஆனால் சுமார் 150 கிலோ. 108 கி.மீ. ஆனால் 330 கிலோ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் வீசியபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. இந்த வகை ஆனிங்கை எந்த ஸ்பிரிங்கும் அப்போது காப்பாற்றாது. சுருட்டி உள்ளே இழுத்திருப்பதுதான் ஒரே வழி. புயலே வேண்டாம், கோடையில் மதியத்துக்கு மேல் எழும் கடல்காற்று தொய்ந்த துணியைப் படபடவென்று அடிக்கும். அந்த அடியில்தான் தையல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது.

ஆனிங்கின் மடங்கும் கைகளைப் பட்டையால் சேர்த்துக் கட்டாமல் முன்கம்பியைக் கழற்றவே கழற்றாதீர்கள். உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் கையைத் தெறிக்கவிடும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் தாடையில் அடிபட்டது.

விறைப்பாக இருந்தே தீர வேண்டிய இன்னொன்று, சில ரோலர் திரைகளை ஏற்றி இறக்க இழுக்கும் மணிச்சங்கிலி. வளையமாகத் தொங்கும் சங்கிலி குழந்தையின் கழுத்தில் மாட்டினால் சத்தமே இல்லாமல் உயிர் போய்விடும். சங்கிலியைக் கீழே இழுத்துப் பிடித்துச் சுவரில் திருகும் சிறிய பிளாஸ்டிக் பிடி திரையோடு பெட்டியிலேயே வரும். சுவரில் ஓட்டை விழும் என்று அதை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து மாட்டச் சொல்லுங்கள். வளையத்தின் அடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே வராமலும், ஜன்னல் பக்கத்தில் கட்டிலோ நாற்காலியோ இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மாட்டிய திரைகளில் அந்தப் பிடி இல்லாமல் ஒரு வீட்டைவிட்டும் கிளம்பியதில்லை.

திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் திருகாணி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி போட்டால், உப்புக்காற்றில் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் அரித்துப்போகும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் இருப்பதால் 304 வகையைவிட உப்பை நன்றாகத் தாங்கும். திரையின் ஓரங்கள் ஜிப்போலக் கோர்த்து ஓடும் பக்கவாட்டுத் தடங்களுக்கு எண்ணெய் விடாதீர்கள், மணலையும் தூசியையும் பிடித்துவைக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் தெளிப்பான் அடித்தால் போதும்.

மழை நேரத்தில் ஈரத்தோடு சுருட்ட வேண்டிவந்தால் சுருட்டத்தான் வேண்டும். மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் விரித்துக் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் உள் மடிப்பில் கரும்புள்ளி விழுந்துவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.