ஜெர்மன் குடியுரிமை: மூன்று வருடக் கணக்கை விடுங்கள்

ஜெர்மனிக்கு இப்போதுதான் வந்திறங்கியிருக்கிறீர்கள். இன்னும் வீடுகூட அமையவில்லை. அதற்குள் யாராவது, "மூணே வருஷத்துல சிட்டிசன் ஆகிடலாம்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டது.

2024 ஜூன் 27-இல் புதிய சட்டம் வந்தபோது, 8 ஆண்டுக் காத்திருப்பு 5 ஆனது. சி1 அளவு ஜெர்மனும் (சரளமாகப் பேசி எழுதும் உயர்நிலை) வேலையிலோ படிப்பிலோ தனிச் சிறப்பும் இருந்தால் 3 ஆண்டே போதும் என்று ஒரு குறுக்குவழியும் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 30-இல் அதை மூடிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், விண்ணப்பித்த நாளின் சட்டம் இங்கே செல்லாது; முடிவெடுக்கும் நாளின் சட்டம்தான். அந்த வழியில் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும் ஐந்தாண்டு வரிசைக்கே போனார்கள்.

அதனால் 5 வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி1 ஜெர்மன் (அன்றாடத் தேவைக்குப் போதுமான நடுநிலை) வேண்டும், சொந்தச் சம்பாத்தியம் வேண்டும். கட்டணம் 255 யூரோ. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விக்கு 17 சரியாக இருந்தால் பாஸ். கேள்விகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டவைதான், பயமே வேண்டாம். படித்த வருடங்களும் பொதுவாகக் கணக்கில் சேரும். ஆனால் விண்ணப்பிக்கும்போது கையில் மாணவர் அனுமதி மட்டும் இருந்தால் ஆகாது. ப்ளூ கார்டு (பட்டம் பெற்று வேலைக்கு வருபவர்களுக்கான தங்கும் அனுமதி) போதும், நிரந்தர அனுமதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் வாரமே தடியாக ஒரு ஃபைல் வாங்குங்கள். முகவரிப் பதிவுச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள் போகட்டும். தங்கும் அனுமதி கார்டை இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. புது கார்டு தரும்போது பழையதை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பழைய கார்டில் இருந்த மாதங்களை நிரூபிக்கப் பழைய மெயில்களையெல்லாம் கிளற வேண்டியதாயிற்று.

அப்புறம், பாஸ்போர்ட். இரட்டைக் குடியுரிமைக்கு ஜெர்மனி இப்போது தடை சொல்வதில்லை. இலங்கைக்காரர்கள் தங்கள் குடியுரிமையைத் தக்கவைக்க முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. இந்தியாவில் அந்த வழியே இல்லை: ஜெர்மன் சான்றிதழ் கைக்கு வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சரண்டர் சான்றிதழ் வாங்கி, ஓசிஐ கார்டுக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ கார்டு வரும்வரையான மாதங்களில் ஊரில் தங்கை கல்யாணம் வந்தால் பழைய பாஸ்போர்ட்டில் பறக்கக் கூடாது. ஜெர்மன் பாஸ்போர்ட்டில் இந்திய விசா எடுத்துத்தான் போக வேண்டும்.