ரஷ்யப் போர் விமானங்களின் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் வரை ஒரு ராட்சத விமானம் பறந்துகொண்டிருந்தது. நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ப்ரொப்பல்லர்கள். ரஷ்யாவில் அதன் பெயர் டியூ-142. நேட்டோ நாடுகளுக்கு அது 'பேர்', அதாவது கரடி. அதை ஓட்டிய நம் படைப்பிரிவின் பெயரோ ஆல்பட்ராஸ். புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆனால் இந்தப் பெயர்களைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால், பார்க்காத விமானத்தைப் பற்றிக்கூடப் பெயரை வைத்தே கொஞ்சம் சொல்லிவிடலாம்.

படி 1: சொந்தப் பெயரை முதலில் பிடியுங்கள்

மிக் என்றால் மிகோயன், குரேவிச் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள். சு என்றால் சுகோய், டியூ என்றால் டுபோலெவ், இல் என்றால் இல்யூஷின், அன் என்றால் அன்டோனோவ், மி என்றால் மில், கா என்றால் காமோவ். பின்னால் வருவது மாடல் எண். குறிப்பு எடுக்கும்போது இதையே முதலில் எழுதுங்கள். மற்றப் பெயர்களை இதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பனிப்போர்க் காலத்தில் இந்த எண்கூட மேற்கு நாடுகளுக்கு உடனே தெரியாது. ராமென்ஸ்கோயே சோதனைத் தளத்தில் தென்பட்ட புது விமானங்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்கித் தற்காலிகமாகப் பெயர் வைத்தார்கள். ராம்-கே என்றது பிறகு சு-27 என்று தெரிந்தது, ராம்-எல் என்றது மிக்-29. எதிரி தன் விமானத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று தெரியாதபோது, நாம் பேசிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். நேட்டோ பெயர்கள் பிறந்த காரணமே இதுதான். 1942-ல் ஜப்பானிய விமானங்களுக்கும் நேசநாடுகள் இப்படித்தான் செய்தன: சண்டை விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர்.

படி 2: ஆங்கில முதல் எழுத்தைப் பாருங்கள்

நேட்டோ பெயரின் முதல் எழுத்து எஃப் என்றால் சண்டை விமானம், பி என்றால் குண்டுவீச்சு, சி என்றால் சரக்கு, ஹெச் என்றால் ஹெலிகாப்டர். எம் என்பது மீதி எல்லாவற்றுக்கும்: பயிற்சி, கடல் கண்காணிப்பு, எரிபொருள் டேங்கர். சி என்ற எழுத்து நம் காதுக்குப் பெரும்பாலும் 'க' என்றே விழும். கப், கேண்டிட், காண்டர் எல்லாம் அந்த வரிசைதான்.

ஒரு எச்சரிக்கை. சு-34 குண்டு வீசவே செய்யப்பட்டது, ஆனாலும் 'ஃபுல்பேக்' என்று எஃப்-இல் சேர்ந்துவிட்டது. தரைத்தாக்குதலுக்கான சு-25-உம் 'ஃப்ராக்ஃபுட்' தான்.

படி 3: புள்ளி இல்லாத எழுத்தை எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பெயரில் ஒரே அசை இருந்தால் ப்ரொப்பல்லர், இரண்டு இருந்தால் ஜெட். ஆங்கில உச்சரிப்பில் அசை பிரிக்க வரவில்லையா? பெயரைத் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள்.

பேர்: 'பே' மட்டும் மிஞ்சுகிறது. ஒன்று. ப்ரொப்பல்லர், சரி.
பேட்ஜர்: 'பே', 'ஜ'. இரண்டு. ஜெட் குண்டுவீச்சு விமானம், டியூ-16.
கப்: 'க'. அன்-12, ப்ரொப்பல்லர் சரக்கு விமானம்.
கேண்டிட்: 'கே', 'டி'. இல்-76, ஜெட்.
மே: ஒன்றுதான். இல்-38, கடல் கண்காணிப்பு விமானம்.

பேச்சில் வருவதுபோல 'கப்பு' என்று உகரம் சேர்த்தால் கணக்கு தப்பிவிடும். ஹெலிகாப்டருக்கு இந்த விதி கிடையாது: மி-24 'ஹிண்ட்', மி-28 'ஹேவோக்'.

படி 4: வால் எழுத்து

ஏ, பி, சி என்று கடைசியில் வருவது அதே விமானத்தின் வேறு வடிவம். மிக்-29-இன் முதல் வடிவம் ஃபல்க்ரம்-ஏ, இருவர் அமரும் பயிற்சி வடிவம் ஃபல்க்ரம்-பி. தஞ்சாவூர் தளத்தில் 2020 முதல் இருக்கும் சு-30 எம்.கே.ஐ. ஃப்ளாங்கர்-ஹெச். அரக்கோணத்துக் கரடி பேர்-எஃப்.

படி 5: செல்லப் பெயர்களைத் தனியே வையுங்கள்

ரஷ்யர்கள் வைத்த பெயர்களுக்கு எந்த விதியும் இல்லை; கண்ணில் பட்டதுதான் பெயர். மிக்-21-இன் முக்கோண இறக்கை அவர்களுக்கு பலலைக்கா என்ற முக்கோணத் தந்தி வாத்தியத்தை நினைவூட்டியது. மி-24 முதலை. அதன் ஆரம்ப வடிவத்தில் விமானி அறைக் கண்ணாடி தட்டையாக, கட்டம் கட்டமாக இருந்ததால் அதை 'ஸ்தகான்' என்றார்கள். டீ குடிக்கும் கண்ணாடி டம்ளர் என்று பொருள். வெள்ளையாகப் பறக்கும் டியூ-160 வெள்ளை அன்னம். நேட்டோவுக்கு அது வெறும் 'ப்ளாக்ஜாக்'. நேட்டோ பெயர் விமானத்தின் வகையைச் சொல்கிறது. அதன் கூடவே வாழ்ந்தவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பது செல்லப் பெயரில்தான் இருக்கிறது.

நம் விமானப்படையும் பெயர் வைத்தது: மிக்-29 பாஸ், மிக்-27 பகதூர், இல்-76 கஜராஜ். இதில் ஒரு பொறி உண்டு. மேம்படுத்திய மிக்-21-க்கு நாம் வைத்த பெயர் 'பைசன்'. படி 2, 3-இன்படி பிரித்தால் ஜெட் குண்டுவீச்சு விமானம் என்று வரும். நேட்டோ பட்டியலில் பைசன் உண்மையிலேயே அதுதான்: மியாசிஷ்செவ் வடிவமைத்த எம்-4. மிக்-21-இன் நேட்டோ பெயர் 'ஃபிஷ்பெட்'. ஆகவே ஒரு பெயரைப் பிரிக்கும் முன், அதை வைத்தது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு மூன்று தருகிறேன், தாளில் எழுதிப் பிரித்துப் பாருங்கள்: க்ளைன், மைடஸ், ஃபெலன். விடைகள் வரிசையாக அன்-32, இல்-78, சு-57.