வலியில்லாத அடைப்பு: புராஸ்டேட் நோயாளிகளிடம் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் ஓர் இளம் மருத்துவர் எழுதிய நோயாளிக் குறிப்பைப் படித்தேன். "வயது 74. மூன்று மாதமாக இரவில் படுக்கையிலேயே சிறுநீர் போகிறது. வலி இல்லை. பகலில் சிறுநீர் போகிறது. முதுமையால் வந்த கட்டுப்பாட்டுக் குறைவு." கீழே, சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை. படித்ததும் கோபம்தான் வந்தது. பயிற்சிக் காலத்தில் கிட்டத்தட்ட இதே வரிகளை நானும் எழுதியிருக்கிறேன்.

கை கழுவுவது, கிருமிநீக்கம் செய்வது, சம்மதம் பெறுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நல்ல மருத்துவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வழிவதைக் கட்டுப்பாட்டுக் குறைவு என்று எழுதுவது

அன்று என்னிடம் வந்த பெரியவரை மருமகள் அழைத்து வந்திருந்தார். "தினமும் ராத்திரி துணி நனைஞ்சுடுது டாக்டர், மாமா வெளியில சொல்லவே கூச்சப்படறார்." நான் அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. சட்டையை விலக்கி அடிவயிற்றில் கைகூட வைக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆறு வாரம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தபடி திரும்பி வந்தார். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 9. கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டதும் இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கைவிரல்களால் அடிவயிற்றில் ஒருமுறை தட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திடீர் அடைப்பை யாரும் தவறவிடுவதில்லை, நோயாளி வலியில் துடிப்பார். நாள்பட்ட அடைப்புதான் சத்தமில்லாமல் வரும். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீங்கி வழி கொஞ்சம் கொஞ்சமாக இறுகும்போது சிறுநீர்ப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கும், அதனால் வலி தெரியாது. சிலருக்குச் சிறுநீர் கழித்து முடித்த பிறகும் பைக்குள் அழுத்தம் இறங்குவதில்லை. அந்த அழுத்தம் சிறுநீர்நாளங்கள் வழியே மேலேறி இரண்டு சிறுநீரகங்களையும் நெரிக்கிறது. தூக்கத்தில் வெளிவாயின் பிடி தளர்ந்ததும், பைக்குள் தேங்கிய அழுத்தத்தில் சிறுநீர் வழிகிறது. நனைந்த படுக்கைக்கு அதுதான் காரணம். இந்த நிலையில் ஆக்சிபியூட்டினின் கொடுத்தால், பையைச் சுருக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் தசையையும் முடக்கிவிடுகிறோம்.

அதனால் வயதான ஆண் ஒருவருக்குப் புதிதாக இரவில் படுக்கை நனைந்தால், இல்லையென்று நிரூபணமாகும் வரை அதை உயர் அழுத்த நாள்பட்ட அடைப்பு என்றே கொள்ளுங்கள். படுக்க வைத்து வயிற்றைப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே மந்தமான ஒலி கேட்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஸ்கேனில் மீந்த சிறுநீரையும் சிறுநீரக வீக்கத்தையும் பாருங்கள். கிரியேட்டினினும் பொட்டாசியமும் அன்றே பார்க்க வேண்டும்.

கதீட்டர் போட்ட பிறகும் இதே நோயாளியிடம் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, சேகரிப்புப் பையில் வடிந்த அளவைக் குறிக்காமல் விடுவது. முதல் 15 நிமிடத்தில் வந்த அளவுதான் நோயின் கதையைச் சொல்லும். அந்தப் பை நிறைந்தபின் கீழே ஊற்றிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. (மெதுவாக வடிய விட வேண்டும் என்று கதீட்டரை இடையிடையே அடைத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது தேவையில்லை.) அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அளவெடுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம் 200 மில்லிக்கு மேல் போனால் இரத்த அழுத்தம், எடை, சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். ஆனால் போகும் ஒவ்வொரு மில்லிக்கும் அதே அளவு சலைன் ஏற்றாதீர்கள். ஏற்ற ஏற்றப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது தவறு, கிரியேட்டினின் இறங்கியதும் கதீட்டரை எடுத்து வீட்டுக்கு அனுப்புவது. அடைப்பு அப்படியே இருக்கிறது. வலி இல்லாததால் அவர் மறுபடியும் நிரம்புவது யாருக்கும் தெரியாது. அறுவைச் சிகிச்சை முடியும் வரை கதீட்டர் இருக்கட்டும்.

திடீர் அடைப்பில் அவசரம்

திடீர் அடைப்பு வந்தவர்களுக்கு நிலைமை வேறு, கதீட்டரை எடுத்துப் பார்க்கலாம். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்து தொடங்கி, குறைந்தது ஒரு நாளாவது கழித்து எடுங்கள். எதனால் அடைத்தது என்றும் கேளுங்கள்: மலச்சிக்கல், சளிக்கு வாங்கிய சூடோஎஃபெட்ரின் மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரை. முதுகுவலியோடு ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போயிருந்தால் புராஸ்டேட்டை மறந்துவிட்டு உடனே முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எடுங்கள்.

மெல்லிய கதீட்டர் எளிது என்ற நினைப்பு

பெருத்த புராஸ்டேட்டில் மெல்லிய குழாய் மடங்கிச் சுருண்டுவிடும். 16 அல்லது 18 பிரெஞ்சு அளவில், முனை வளைந்த கதீட்டர், வளைவு மேல்நோக்கி. தடை தெரிந்தால் தள்ளாதீர்கள். இரண்டு முறை போகவில்லையென்றால் நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

பலூன்

குழாயை முழு நீளமும் செலுத்தி, சிறுநீர் வருவதைப் பார்க்காமல், குழாயை உள்ளே பிடித்து வைக்கும் பலூனை ஊதவே கூடாது.

முன்தோல்

கதீட்டர் போடப் பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிஎஸ்ஏ

அடைப்பு வந்த அன்றே, கதீட்டர் போட்ட கையோடு பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை) எடுத்து, ஏறிய எண்ணைக் காட்டிக் குடும்பத்தையே புற்றுநோய்ப் பயத்தில் தள்ளுகிறார்கள். அடைப்பும் கதீட்டரும் தொற்றும் அந்த எண்ணை ஏற்றிவிடும். சில வாரம் பொறுத்து எடுங்கள். விரலால் சோதித்ததில் புராஸ்டேட் கல்லைப்போல் இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல், புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடோ டுடாஸ்டரைடோ சாப்பிடுபவருக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். அறிக்கையில் 3 என்று வந்தால் 6 என்று படியுங்கள். மாத்திரைப் பட்டியலைக் கேட்காமல் "நார்மல்" என்று கையெழுத்திட்ட அறிக்கைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.