ஓய்வு பெறும் கேப்டனை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே 7ஆம் தேதி ரோஹித் சர்மா டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு அறிவித்தார். 12ஆம் தேதி விராட் கோலி. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகியும் எங்கள் வாயில் மாறாத ஊரில், காற்பந்து பேசுகிற மேசைகள்தான் அதிகம். கிரிக்கெட்டுக்கு ஒரு மேசை கிடைத்தால் பெரிது. அந்த வாரம் அந்த மேசையில் போட்ட சத்தத்துக்குக் காற்பந்துக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். “இன்னொரு கோலி வர முடியாது அண்ணே” என்று ஒரு கட்சி. “கேப்டனா இருந்து ஒரு கப் வாங்கினானா தம்பி?” என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் செய்த தவறுகள் எல்லா ஊரிலும் நடப்பவைதான். ஒன்று மட்டும் நம் பக்கத்துக்கே உரியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நாம் பார்த்த ஆட்டத்தை வைத்து மட்டும் ஒருவரை அளப்பது. இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் நமக்கு மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். வேலை முடிந்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் நள்ளிரவு வரை பார்க்கலாம். மெல்பர்னிலோ சிட்னியிலோ நடந்தால் காலை ஏழரைக்குத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, முடிந்து ஆட்கள் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போயிருப்பார்கள். இதன் விளைவு என்ன தெரியுமா? 2014இல் கோலி இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் மொத்தமே 134 ரன் எடுத்ததை, இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனின் பந்தை விளிம்பில் தட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வெளியேறியதை, நாம் முழுசாகப் பார்த்தோம். அதே ஆண்டுக் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரில் அவர் நான்கு சதத்தோடு 692 ரன் குவித்ததை ராத்திரி ஹைலைட்ஸில் பத்து நிமிடம் பார்த்தோம். தோல்வி கண்ணில் பதிந்தது, சாதனை காதில் விழுந்தது. வெளிநாட்டில் அவர் தடுமாறுவார் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிற அண்ணன்மார் பலர் அந்த மாலை நேரங்களின் வாரிசுகள்தான். பார்க்காமல் விட்ட தொடர்களின் ஸ்கோர் அட்டையை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வாய் திறந்தால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, மட்டையையும் தலைமையையும் ஒரே கணக்கில் எழுதுவது. இதுதான் பெரிய தவறு. இங்கிலாந்தின் மைக் பிரியர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 39 டெஸ்ட், சராசரி 22.88, ஒரு சதம்கூடக் கிடையாது. மட்டையை மட்டும் பார்த்தால் அணியில் இடமே கேள்விக்குறி. ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்விதான். 1981இல் லீட்ஸில் ஃபாலோ ஆன் வாங்கி, அதாவது முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கி உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டி வந்த பிறகு, ஆஸ்திரேலியாவை 18 ரன்னில் வென்ற ஆட்டத்தில் அவர் எடுத்தது 10, 14. அந்த வெற்றியிலும் இயன் போத்தம் ஆட்டமிழக்காமல் எடுத்த 149 இருக்கிறது, பாப் வில்லிஸின் எட்டு விக்கெட் இருக்கிறது. பிரியர்லியின் பங்கு என்ன? வில்லிஸ் பந்து வீசும் முனையை மாற்றிக் கொடுத்தது. இத்தனை சின்ன விஷயங்களில்தான் தலைமை இருக்கிறது, ஸ்கோர் அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

கோலியின் 2018 இங்கிலாந்துத் தொடர் இதற்கு நேர் எதிர். 593 ரன், இரண்டு சதம், ஆண்டர்சனிடம் ஒரு முறைகூட விக்கெட்டைக் கொடுக்கவில்லை. தொடர் 1–4 என்று போனது. ஐந்து டாஸும் தோற்றார், அது தலைவிதி. ஆனால் முதல் டெஸ்டில் நிதான மட்டையாளர் புஜாராவை வெளியே உட்கார வைத்ததும் அவர் தலைமையில்தான், அந்த ஆட்டத்தை 31 ரன்னில் தோற்றோம். மட்டைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுக்கலாம். தலைமைக்கு அதே மதிப்பெண்ணைத் தூக்கிப் போட முடியாது.

“தலைமை ஏற்றதும் அவர் மட்டை பெரிதாகிவிட்டது, கணக்கே பேசுது அண்ணே” என்று ஒரு லோரி ஓட்டுநர் தம்பி கைப்பேசியை நீட்டினார். கணக்கு சரிதான். கேப்டனாக 5864 ரன், 20 சதம், சராசரி 54.80. கேப்டனாக இல்லாத ஆட்டங்களில் 3366 ரன், 10 சதம், சராசரி 37.40. பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது கணக்குக்குள் என்ன இருக்கிறது? 2011இல் தொடங்கிய கற்றுக்குட்டிக் காலமும், 2022க்குப் பிந்தைய தேய்பிறைக் காலமும். கேப்டனாக இருந்தது இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்து மூன்று வயது வரை, எந்த மட்டையாளருக்கும் உடம்பும் அனுபவமும் சேர்ந்து வரும் வயது. அவர் பதவியில் இருக்கும்போதே ரன் வற்றத் தொடங்கிவிட்டது. 2019 நவம்பரில் கொல்கத்தாவில் வங்கதேசத்துக்கு எதிராக எடுத்த 136க்குப் பிறகு, கேப்டனாக டெஸ்ட் சதம் ஒன்றுமே வரவில்லை. பதவியே ரன் கொடுத்திருந்தால் அப்போதும் கொடுத்திருக்க வேண்டுமே.

மொத்த வெற்றியை மட்டும் பார்ப்பதும் இப்படித்தான் ஏமாற்றும். கோலி 68 டெஸ்டில் 40 வென்றார், 17 தோற்றார். இதைப் பிரித்துப் பாருங்கள். சொந்த மண்ணில் 31 ஆட்டத்தில் 24 வெற்றி, 2 தோல்வி. வெளியே 37 ஆட்டத்தில் 16 வெற்றி, 15 தோல்வி. உள்ளூர் வெற்றிகளைச் சுழல் பந்தில் வாங்கித் தந்த அஸ்வின், ஜடேஜா இருவரும் டோனி காலத்தில் அணிக்குள் வந்தவர்கள். முன்னால் இருந்த நிர்வாகி நட்ட செம்பனையில் புது நிர்வாகி குலை வெட்டுவது மாதிரி. பராமரித்தவருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது அவரே நட்டது என்றும் கேட்க வேண்டும்.

அவர் நட்டது வேகப்பந்து. 2018 ஜனவரியில் கேப் டவுனில் பும்ராவை டெஸ்டுக்குள் கொண்டு வந்தார். அதே மாதம் ஜோகன்னஸ்பர்க்கில், தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போன நிலையில், சுழல் பந்து வீச்சாளரே இல்லாமல் ஐந்து வேகங்களோடு இறங்கி 63 ரன்னில் வென்றார். இந்திய கேப்டன் ஒருவர் அப்படிச் செய்வார் என்று பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரை 2–1 என்று வென்றது இந்தியாவுக்கு அங்கே முதல் முறை. அந்த அணியின் முக்கிய மட்டையாளர்கள் ஸ்மித்தும் வார்னரும் தடையில் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்வோம். 521 ரன் எடுத்த புஜாராவையும் விட்டுவிட வேண்டாம். அதற்கெல்லாம் கழித்த பிறகும் மீதி இருக்கிறது.

கப் விஷயத்துக்கு வருவோம். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதி, 2019 உலகக் கோப்பை அரையிறுதி, 2021 டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி என்று பெரியவர்கள் அணியோடு கோலி மூன்றிலும் கோட்டைவிட்டார். அவர் கேப்டனாக வாங்கிய உலகக் கோப்பை 2008இல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கானது, அதுவும் நம் கின்ராரா மைதானத்தில். அண்ணன் கட்சிக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் அமைதி. கப் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றிரண்டு ஆட்டத்தை வைத்து ஏழு வருட டெஸ்ட் வேலையை அழிக்கக் கூடாது.

அதே தராசில் ரோஹித்தை வைத்தாலும் இதே சிக்கல், தலைகீழாக. டெஸ்டில் 24 ஆட்டம், 12 வெற்றி, 9 தோல்வி. 2024இல் நியூசிலாந்திடம் சொந்த மண்ணிலேயே 0–3. அதே ஆண்டில்தான் டி20 உலகக் கோப்பை, அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் டிராபி. இரண்டையும் கலந்து ‘சராசரி கேப்டன்’ என்று எழுதினால் இரண்டு கணக்குமே பொய். உண்மையில் மட்டையும் தலைமையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் வேண்டுமானால் அவருடைய 2023 உலகக் கோப்பையைத்தான் காட்டுவேன். நூறு பந்துக்கு 125 ரன் வேகத்துக்கு மேல் அடித்து 597 ரன். தன் சதம் போனாலும் பரவாயில்லை என்று முதல் பத்து ஓவரில் அவர் அடித்த அடியில் பின்னால் வந்தவர்கள் நிதானமாக ஆட முடிந்தது. இறுதி ஆட்டத்தில்கூட 31 பந்தில் 47. கோப்பை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, ஆனால் அணிக்கு எப்படி ஆட வேண்டும் என்று தானே ஆடிக் காட்டியதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கடைசித் தொடரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டையாளர்களில் தலைசிறந்தவர் எனப்படும் பிராட்மனே கடைசி இன்னிங்ஸில் பூஜ்யம். 2024–25 ஆஸ்திரேலியத் தொடரில் ரோஹித் ஐந்து இன்னிங்ஸில் 31, கோலி ஒன்பதில் 190. அது ஏன் விலகினார்கள் என்பதற்குப் பதில், எப்படி ஆடினார்கள் என்பதற்குப் பதில் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. நியூசிலாந்து கேப்டன் மெக்கலம் 2016இல் தன் கடைசி டெஸ்டில் 54 பந்தில் சதம் அடித்தார், கண்கொள்ளாக் காட்சி. ஆட்டத்தை நியூசிலாந்து தோற்றது.

அப்புறம் ஐபிஎல். ரோஹித் மும்பைக்கு ஐந்து கோப்பை வாங்கினார், பெங்களூருக்குக் கோலி கேப்டனாக ஒன்றும் வாங்கவில்லை. ஏலத்தில் ஆள் எடுத்து நடத்தும் அணிக்கும் நாட்டு அணிக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பேச்சைத் தனி மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், டெஸ்ட் கேப்டனாக இந்தியாவில் கோலிக்கு முன்னால் யாரையும் வைக்க மாட்டேன். டெஸ்ட் மட்டையாளராக, 46.85 சராசரியோடு அவர் நிற்பது கவாஸ்கர், டெண்டுல்கர், டிராவிட் மூவருக்கும் ஒரு வரிசை பின்னால். தம்பி கட்சிக்கு இரண்டாவது பாதி பிடிக்கவில்லை, அண்ணன் கட்சிக்கு முதல் பாதி பிடிக்கவில்லை.